கூரைக்கு மேல் ஏன் ஒரு கூரை?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் பக்கம் பயணம் செய்பவர்கள் சாலையின் இருபுறமும் உள்ள வீடுகளைச் சற்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கான்கிரீட் தளம் போட்ட நல்ல வீடுகள்தாம். ஆனால் பல வீடுகளின் மொட்டை மாடிக்கு மேல் இரும்புக் குழாய்களால் சட்டம் எழுப்பி, அதன்மேல் சரிவாக வண்ணத் தகடு வேய்ந்திருக்கிறார்கள். சிலர் ஓடும் வேய்ந்திருக்கிறார்கள். ஒரு கூரை இருக்க, அதற்கு மேல் இன்னொரு கூரை! சென்னையிலும் இக்காட்சி இப்போது அரிதன்று.

ஒரு நூலைப் படித்தவர்கள் அதைப் பற்றிக் கருத்துக் கூறுகிறார்கள். ஒரு வீட்டில் பல மழைக்காலங்களைக் கழித்தவர்கள் அவ்வீட்டைப் பற்றிக் கூறும் கருத்தே இந்த இரண்டாவது கூரை என்று கொள்ளலாம். வெயிலைத் தணிக்கவும் துணி உலர்த்தவும் அது உதவுகிறது என்பது உண்மையே. எனினும் பலர் கூறும் முதற்காரணம், ‘தளம் ஒழுகுகிறது’ என்பதுதான். பல லட்சம் ரூபாய் செலவிட்டுக் கட்டிய கூரை மழையைத் தாங்கவில்லை என்றால், அந்தக் கூரையை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டாமா?

இக்கட்டுரையில் நம் காலத்துக் கான்கிரீட் வீட்டை ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு, மழையின் முன் நிறுத்தி மதிப்பிடுவோம். அழகையும் அறைகளின் அமைப்பையும் ஒதுக்கிவிடுவோம். நாம் கேட்கப்போவது ஒரே கேள்வி: இவ்வீட்டின் மேல் விழும் நீர் எவ்வழியாக வெளியேறுகிறது?

மழையின் கணக்கு

முதலில் எவ்வளவு நீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அறிந்துகொள்வோம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் சேரும் நீர் 1 லிட்டர். 1000 சதுர அடித் தளம் ஏறத்தாழ 93 சதுர மீட்டர் ஆகும். எனவே 1 செ.மீ. மழைக்கு அதன்மேல் 930 லிட்டர் விழுகிறது. மணிக்கு 10 செ.மீ. வீதம் கொட்டினால் நிமிடத்துக்கு 155 லிட்டர். அதாவது 15 லிட்டர் வாளியால் பத்து வாளி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. நாம் கூறிய 1000 சதுர அடித் தளத்தின் மேல் அன்று விழுந்திருக்கக்கூடிய நீர் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏழு வந்தாலும் அதை முழுவதும் ஏற்றிச் செல்ல முடியாது.

இவ்வளவு மழை அரிது. ஆயினும் வடகிழக்குப் பருவமழையின் இயல்பே சில நாட்களில் மொத்தமாகக் கொட்டித் தீர்ப்பதுதான். மேற்குக் கடற்கரையிலோ ஜூன் முதல் மாதக்கணக்கில், சுவர் காய இடைவெளியின்றிப் பெய்யும். ஒன்று திடீரென்று தாக்குகிறது; மற்றொன்று மெல்ல ஊறவைக்கிறது.

பழைய கூரைகள் என்ன செய்தன?

1860-களில் மங்களூரில் ஜெர்மானியப் பாதிரிமார்கள் தொடங்கிய தொழிலிலிருந்து பரவியது மங்களூர் ஓடு. இந்த ஓட்டைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. அது நீர் புகாத பொருளே அன்று. காய்ந்த ஓடு ஒன்றை எடை போட்டுவிட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் எடை போட்டுப் பாருங்கள். எடை கூடியிருக்கும். சுட்ட மண்ணாகிய ஓடு நீரை உறிஞ்சுகிறது.

அப்படியானால் அதன் கீழ் இருப்பவர்கள் நனையாதது எப்படி? காரணம் மூன்று. கூரை ஏறத்தாழ 30 பாகை சரிந்திருப்பதால் நீர் அங்கே தங்குவதில்லை; விழுந்த கணத்தில் ஓடிவிடுகிறது. மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்திருப்பதால் ஓடும் நீர் இடுக்கில் நுழைவதில்லை. ஓட்டின் இரு பக்கமும் காற்று படுவதால் உறிஞ்சிய ஈரமும் மழை விட்டதும் உலர்ந்துவிடுகிறது. நீரை உறிஞ்சும் பொருளைக் கொண்டே உலர்ந்த வீட்டைக் கட்டினார்கள். பொருளின் குறையை வடிவம் ஈடு செய்தது.

சென்னையின் பழைய கட்டடங்களில் உள்ள ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் தளம் வேறொரு வழியைக் கையாண்டது. தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்கோணத்தில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்தார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பலர் உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டி இறுக்கினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அவ்வப்போது தெளித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதித்தார்கள். பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் அத்தளத்தில் வாட்டம் இருந்தது. சுண்ணாம்புக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. மயிரிழை போன்ற விரிசல் ஏற்பட்டால், உள்ளே கசியும் நீர் சிறிது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய் அவ்விரிசலிலேயே படியவைக்கும். சிறிய காயம் தானே ஆறிவிடும்.

இந்த இரண்டு கூரைகளுக்கும் பொதுவான கொள்கையைக் கவனியுங்கள். நீர் வரும், சிறிது உள்ளேயும் போகும் என்பதை இரண்டுமே ஏற்றுக்கொண்டன. வந்த நீரை விரைந்து அனுப்பவும், நுழைந்த ஈரத்தை உலரவிடவும் வழி செய்தன.

கான்கிரீட்டின் குணமும் குறையும்

இனிக் கான்கிரீட் தளத்துக்கு வருவோம். ‘கான்கிரீட் நீர் புகாதது’ என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நன்றாகச் செய்த கான்கிரீட்டுக்கு இது பெருமளவு பொருந்தும். ஆனால் எப்படியும் செய்த கான்கிரீட்டுக்கு இது பொருந்தாது.

50 கிலோ மூட்டை சிமெண்ட் முழுமையாக இறுகுவதற்கு ஏறத்தாழ 20 லிட்டர் நீர் போதும். கலவை எளிதாக ஓடிப் பரவ வேண்டும் என்பதற்காக 30 லிட்டர் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிமெண்டோடு சேராத மிகுதி நீர் நாளடைவில் ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடங்கள் நுண்புழைகளாக நின்றுவிடும். நாம் ஊற்றிய நீரே பின்னால் மழைநீருக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறது. தளம் போட்ட பிறகு குறைந்தது ஏழு முதல் பத்து நாட்கள் தொடர்ந்து நனைத்து வைக்காவிட்டால், மேற்பரப்பு விரைவில் காய்ந்து வெடிப்பு விடும். கலக்கும்போது நீர் குறைவாகவும், போட்ட பிறகு நீர் தாராளமாகவும் வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

கூரையில் சொட்டும் நீரைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உள்ளே நடக்கிறது. கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று நிலைத்திருக்கும், கம்பி துருப்பிடிக்காது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு நுண்புழைகள் வழியே மெல்ல நுழைந்து, ஈரத்தின் உதவியோடு அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. கடற்கரையிலோ உப்பும் கூடவே நுழைகிறது. காரம் குறைந்து, ஈரமும் உயிர்வளியும் கம்பியை அடைந்ததும் துரு தொடங்குகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து அது நெருக்குவதால், தளத்தின் அடிப்புறம் கம்பியின் நீளத்தில் விரிசல் விட்டு, பின்பு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. உறங்குபவர்மேல் விழும் கூரைத்துண்டின் வரலாறு இதுதான்.

மாணவர்கள் இதைப் பள்ளிச் சோதனைச்சாலைப் பொருளைக் கொண்டே காணலாம். பழைய கட்டடம் இடிக்கும் இடத்திலிருந்து ஒரு கான்கிரீட் துண்டை எடுத்து வாருங்கள். ஆசிரியரின் துணையுடன் அதைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளியுங்கள். காரம் மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் போன வெளிப்பகுதி நிறம் மாறாது. அந்த நிறமற்ற பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா என்று பாருங்கள். தொட்டிருந்தால் கம்பி காவலை இழந்துவிட்டது என்று பொருள்.

இதனால்தான் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே போதிய கனத்துக்குக் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி, மிதமான சூழலில் உள்ள தளத்துக்கு 20 மி.மீ. என்றும், கடுமையான சூழலுக்கு 45 மி.மீ. என்றும் கூறுகிறது. கம்பியைத் தூக்கி நிறுத்தச் சிறு சிமெண்ட் கட்டிகளை வைக்க வேண்டும். அதற்குப் பதில் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டுக் கலவையைக் கொட்டினால், ஆட்கள் மிதிக்கும்போது கம்பி பலகையைத் தொட்டுவிடும். பின்னர் பூச்சு வேலை எல்லாவற்றையும் மறைத்துவிடும். குறை தெரிய இருபது ஆண்டுகள் ஆகலாம். அப்போது மேஸ்திரியும் இருக்கமாட்டார், ஒப்பந்தக்காரரும் இருக்கமாட்டார்.

வாட்டம் எங்கே?

கான்கிரீட்டின் இக்குறைகள் எல்லாம் நீர் தங்கும்போதுதான் பெரிதாகின்றன. நீர் தங்குவதற்கோ வாட்டமின்மையே காரணம். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ‘சுருக்கி’ போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். மெட்ராஸ் டெரஸின் மேலடுக்கு இவ்வாறு கான்கிரீட் தளத்தின்மேல் தொடர்ந்து வாழ்ந்தது. அது வெறும் அலங்காரமன்று. வாட்டம் தருவதும், வெயிலில் தளம் சுருங்கி விரிவதைக் குறைப்பதும் அதன் வேலை. இன்று பல இடங்களில் ‘பிறகு மாடி எடுக்கப் போகிறோம்’ என்று கூறி இந்த அடுக்கையே விட்டுவிடுகிறார்கள். அந்தப் ‘பிறகு’ பதினைந்து மழைக்காலங்களுக்குப் பின்னும் வராமல் இருப்பதைக் காண்கிறோம்.

60 அடிக்கு 1 அடி என்பது குறைந்த வாட்டம். 40 அடிக்கு 1 அடி இருந்தால் நன்று. அதாவது 20 அடி நீளத் தளத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நான்கு முதல் ஆறு அங்குல வேறுபாடு வேண்டும். மணிக்கு 10 செ.மீ. மழையை வடிக்க, சுமார் 40 சதுர மீட்டர் பரப்புக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு. நம்முடைய 1000 சதுர அடித் தளத்துக்கு இரண்டு குழாய்கள் போதியும் போதாமலும் இருக்கும். மூன்று இருந்தால் அச்சமில்லை. ஒன்று இலையால் அடைத்துக்கொண்டாலும் மற்றவை காக்கும். இப்போது உங்கள் மொட்டை மாடிக்குப் போய் எண்ணிப் பாருங்கள். நாற்புறமும் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, மூலையில் ஒற்றைத் துளை விட்டிருந்தால், அதைக் கூரை என்பதைவிடத் தொட்டி என்பதே பொருந்தும்.

சுவரைக் காப்பது எது?

பெரிய மழைத்துளி நொடிக்கு 8 முதல் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. காற்றும் அதே வேகத்தில், அதாவது மணிக்கு 30 கிலோ மீட்டர் அளவில் வீசினால், மழை 45 பாகை சாய்ந்து வரும். அந்தச் சாய்வில், சுவரிலிருந்து 2 அடி நீண்டிருக்கும் சன்ஷேட் தனக்குக் கீழே 2 அடியைத்தான் காக்கும். 4 அடி உயரச் சன்னலில் பாதி நனையும். 1 அடி சன்ஷேடுக்கு முக்கால் பங்கு நனையும். சன்ஷேடே இல்லாத வீட்டைப் பற்றிக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் இன்று படங்களில் அழகாகத் தோன்றும் புதிய வீடுகள் பல, பெட்டியை நிறுத்தி வைத்தாற்போல, இறவாரமும் சன்ஷேடும் இல்லாமல் எழுகின்றன. மழை குறைந்த நாடுகளின் வீட்டு முகப்பை நாம் கடன் வாங்கியிருக்கிறோம். அந்த நாட்டு வானத்தைக் கடன் வாங்க முடியாது.

சன்ஷேட் இருந்தாலும் அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். விளிம்பிலிருந்து சற்று உள்ளே நீளவாட்டில் ஒரு சிறு பள்ளக்கோடு இழுத்திருக்கிறதா? எதற்காக அது என்பதை உங்கள் வீட்டுத் தம்ளரே விளக்கும். விளிம்பு வெளியே மடிந்த தம்ளரிலிருந்து நீரை மெல்ல ஊற்றினால் நேராக விழும். விளிம்பு மடியாத கண்ணாடிக் குவளையிலிருந்து மெல்ல ஊற்றினால் நீர் குவளையின் வெளிப்புறத்தோடு ஒட்டிக்கொண்டு வழியும். சன்ஷேடின் விளிம்புக்கு வரும் நீரும் இவ்வாறே அடிப்பக்கமாக ஒட்டி நகர்ந்து சுவரை அடைகிறது. பள்ளக்கோடு இருந்தால் நீரால் அதைத் தாண்ட முடியாது. துளியாகத் திரண்டு கீழே விழுந்துவிடும். ஒரு கயிற்றின் கனமுள்ள இப்பள்ளத்துக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பூசும்போதே நினைவாக இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கீழிருந்து ஏறும் நீர்

மேலிருந்து வரும் நீரை நாம் பார்க்கிறோம். கீழிருந்து ஏறும் நீரை ஓதம் அடித்த பிறகே அறிகிறோம். நுண்புழைக்குள் நீர் தானே மேலேறும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1 மி.மீ. ஆரமுள்ள குழாயில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும் நீர், அதில் பத்தில் ஒரு பங்கு ஆரமானால் 15 செ.மீ. ஏறும், நூறில் ஒரு பங்கானால் ஒன்றரை மீட்டர் வரை ஏறக்கூடும். செங்கல்லிலும் கலவையிலும் இத்தகைய நுண்புழைகள் எண்ணற்றவை. ஒரு தட்டில் சிறிது நீர் ஊற்றி, காய்ந்த செங்கல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஈரக்கோடு எப்படி ஏறுகிறது என்பதை மணிக்கொரு முறை பென்சிலால் குறித்து வாருங்கள். உங்கள் வீட்டுச் சுவரின் கதை அதில் இருக்கிறது.

ஏறிய நீர் மண்ணின் உப்பையும் கொண்டு வருகிறது. நீர் ஆவியாக, உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி அதை உந்தித் தள்ளுகிறது. சுண்ணம் பொரிந்து உதிர்வது இதனால்தான். பழைய வீடுகளில் உயர்ந்த திண்ணையும் கருங்கல் அடிமட்டமும் இருந்தன. கருங்கல்லில் நுண்புழை மிகக் குறைவு. இன்று அதே வேலையை, தரைமட்டத்துக்கு மேல் சுவரின் முழு அகலத்துக்கும் போடும் அடர்ந்த சிமெண்ட் கலவை அடுக்கு செய்ய வேண்டும். ஓதத்தைத் தடுக்கும் இந்த அடுக்கைச் சுவர் எழும்பிய பின் போடுவது மிகக் கடினம். ஆகவே அது இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நாள், கடைக்கால் முடிந்து அடிமட்டம் கட்டும் நாள்தான்.

இங்கே வீட்டுக்காரரின் கையில் இல்லாத குறையும் ஒன்று உண்டு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார் போடுவதால், ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. இரண்டு படி ஏறிச் சென்ற வீட்டுக்குள் இப்போது இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் வீட்டை அப்படியே ஜாக்கிகளால் தூக்கி உயர்த்தும் தொழிலே இதனால் வளர்ந்திருக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது இதைக் கேட்பது உங்கள் உரிமை.

பூச்சு மருந்தாகுமா?

இவ்வளவு குறைகளுக்கும் கடைத்தெரு ஒரே மருந்தை விற்கிறது: நீர்க்காப்புப் பூச்சு. இதில் மோசடி என்று கூறுவதற்கில்லை. நல்ல பூச்சுகள் இருக்கின்றன. ஆனால் அவை எங்கே, எப்போது உதவும் என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

10 மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 30 பாகை வெப்பமாற்றத்துக்குச் சுமார் 3 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. இந்த இழுப்பு ஓரிடத்து விரிசலில் குவிந்தால், அதன்மேல் தடவிய மெல்லிய படலமும் கிழிந்துவிடும். வெயில் அதன் நெகிழ்ச்சியையும் ஆண்டுக்கு ஆண்டு குறைக்கும். ஆகவே விரிசலை அடைத்து, வாட்டத்தைச் சரிசெய்து, தூய்மையாக்கிக் காயவைத்த தளத்தின்மேல் அடித்தால்தான் பூச்சு சில ஆண்டுகள் உழைக்கும். நீர் தேங்கும் தளத்தில் அடித்தால் அது செலவு மட்டுமே.

உட்சுவரில் ஈரம் கண்டதும் உட்புறத்தில் பூச்சு அடிப்பது இன்னும் பெரிய தவறு. நீர் வெளியிலிருந்து வருகிறது. உள்ளே அடைத்தால் அது சுவருக்குள்ளேயே நின்று, அழுத்தம் கூடி, பூச்சைக் கொப்புளமாக எழுப்பும். அல்லது வேறு இடம் தேடிப் போகும். காயத்தில் இரத்தம் வரும்போது சட்டைக்கு மேல் கட்டுப்போடுவதற்கு இது ஒப்பாகும். ஈரச் சுவரில் வளரும் பூஞ்சை மூச்சுத்தொல்லைகளோடு தொடர்புடையது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. ஆகவே ஓதத்தை மறைத்துவிட்டால் போதும் என்று யாரும் எண்ணலாகாது.

பூச்சு வாங்குவதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். ஈரச் சுவரில் ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு புறமும் ஒட்டுநாடாவால் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே ஈரம் கோத்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிமுகம் நனைந்தால் அறையின் காற்றிலுள்ள ஈரம் படிகிறது. அதற்கு வேண்டியது காற்றோட்டம். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், நீர் தேங்கிய இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பணம் எங்கே செலவிட வேண்டும் என்பதை அந்த வட்டங்கள் காட்டும்.

மறுபக்கமும் உண்டு

பழமையே சிறந்தது என்று முடிப்பது நேர்மையான மதிப்பீடு ஆகாது. ஓலைக்கூரை தீக்கு இரை. ஓட்டுக்கூரையைப் புயல் பிய்த்து எறிகிறது. மெட்ராஸ் டெரஸுக்கு வேண்டிய தேக்கும், நாட்கணக்கில் தட்டும் ஆட்களும் இன்று எளிதில் கிடைப்பதில்லை. கிழக்குக் கடற்கரையில் புயல் வீசும்போது பறக்காமல் நிற்பது கான்கிரீட் தளமே. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசைகளுக்கு மாற்றாக 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டிருக்கிறது. முதன்முறையாகக் கான்கிரீட் கூரையின்கீழ் உறங்கப்போகும் அக்குடும்பங்களுக்கு அது பெரிய பேறு. ஆனால் இரண்டாவது கூரை போட அவர்களிடம் பணம் இராது. முதற்கூரையே சரியாக அமைய வேண்டிய தேவை அவர்களுக்குத்தான் மிகுதி.

இரண்டாவது கூரையும் குறையற்றது அன்று. கான்கிரீட்டில் உறுதியாகப் பிணைக்காத தகட்டுக் கூரை புயலில் பெயர்ந்தால் தெருவில் போவோர் உயிருக்கு ஆபத்து. அதன் தூண்களை ஊன்றத் தளத்தில் இடும் துளைகளே புதிய ஒழுக்குகளாக மாறுவதும் உண்டு. ஒழுகும் தளத்தை அப்படியே விட்டு மேலே குடை பிடித்தால், முன்பே துருப்பிடித்த கம்பியை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது.

பழைய அறிவும் புதிய பொருளும் சேர முடியும் என்பதற்குத் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் 1970-களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள் ஒரு சான்று. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த இக்கட்டடக் கலைஞர், கான்கிரீட்டை வெறுத்தவர் அல்லர். அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார். சரிவான கூரைகளையும் நீண்ட இறவாரத்தையும் காற்று புகும் செங்கல் சாளரச் சுவர்களையும் விரும்பினார். அவர் விரும்பிய பூசாத செங்கற்சுவர் கனத்த மழையில் நீர் குடித்துப் பாசி பிடிக்கும் என்ற குறையைச் சொல்வோர் உண்டு. இறவாரம் நீண்டிருக்கும் இடத்தில் அக்குறை சிறிது. குறுகிய இடத்தில் பெரிது. இதுவும் நம் கருத்தையே வலியுறுத்துகிறது.

வாசகர் கேட்க வேண்டியது

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரை எங்கே அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரையும் அது ஒருமுறையாவது சிந்திக்கவைத்தது. அக்கேள்வியை நாம் மேலும் விரிக்க வேண்டும்.

வீடு கட்டுவோர் வரைபடத்தைப் பார்க்கும்போது படுக்கையறை எங்கே, சமையலறை எங்கே, பூசை அறை எந்தத் திசையில் என்று கேட்கிறார்கள். நீரின் வழியை யாரும் கேட்பதில்லை. அதனால் யாரும் வரைவதில்லை. தளத்தின் வாட்டம் எந்தப் பக்கம், குழாய்கள் எத்தனை, சன்ஷேட் எத்தனை அடி, அடியில் பள்ளக்கோடு உண்டா, ஓதத் தடுப்பு அடுக்கு எந்த மட்டத்தில், தெரு ஓரடி உயர்ந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கூரையில் விழும் ஒரு துளி தெருக்காலையோ கிணற்றையோ அடையும்வரை போகும் பாதையை நீலக்கோட்டால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் நாளைக்கு ஒழுகும்.

கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்கள் புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்கி, குழாய் வாய்களைச் சுத்தம் செய்து, விரிசலை அடைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு செய்யும் வேலை பயன் தராது. சுவரோரத்து மண்ணை வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரியும்படி வெட்டிவிடுங்கள். இதற்கு ஒரு மண்வெட்டியும் அரை நாளும் போதும்.

கான்கிரீட் வீட்டைப் பற்றி நாம் கூறக்கூடிய முடிவு இதுதான்: பொருள் வலியது, அதைக் கையாளும் முறை மெலிந்திருக்கிறது. நீரை எதிர்த்து நிற்கும் சுவரைக் கட்ட நாம் கற்றுக்கொண்டோம். நீருக்கு வழிவிடும் வீட்டைக் கட்டத் தெரிந்திருந்ததை மறந்தோம். அதை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தால், அடுத்த தலைமுறை தன் கூரைக்கு மேல் இன்னொரு கூரை தேட வேண்டியிராது.